தனிநாயகம் அடிகள்: உறவில் தொடங்கி உலகை எட்டும் அறம்

உலகத் தமிழ் மாநாடுகளைத் தொடக்கிவைத்தவர் என்ற அடையாளத்துடனேயே சேவியர் தனிநாயகம் அடிகள் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரோமில் கத்தோலிக்கக் குருவாகி, கோலாலம்பூரில் பேராசிரியராக விளங்கி, 1980ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று மறைந்த அவரது வாழ்க்கையை மாநாடுகளின் பட்டியலாகச் சுருக்கிவிடுவது எளிது.

ஆனால் அவர் அடிப்படையில் ஒரு கல்வியியலாளர். ஒரு மனிதர் எவ்வாறு நல்லவராக வளர்கிறார், அந்த வளர்ச்சியில் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் அவரது சொந்த அறிவுக்கும் என்ன பங்கு என்ற கேள்வி அவரது எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே கேள்வியை அவரது காலத்து மேற்குலக உளவியலாளர்கள் ஆய்வு முறைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். அவர்களுக்கு ஏறத்தாழ 2500 ஆண்டுகள் முன்னதாகச் சீனாவில் கன்பூசியஸ் அதற்கு வேறு விதமான விடையைக் கூறியிருந்தார்.

இவ்விரு விடைகளுக்கும் அருகில் வைத்துப் பார்க்கும்போது, தனிநாயகம் அடிகளின் விடை புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று ஏன் தேவைப்படுகிறது என்பது தெளிவாகும்.

கரம்பொன்னில் இருந்து ரோமுக்கு

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது அவர் பின்னாளில் ஏற்றுக்கொண்ட மூதாதையர் பெயர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றபின், கொழும்பில் உள்ள குருமடத்தில் சேர்ந்தார்.

1934இல் ரோம் நகரின் உர்பன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பணிபுரியவிருந்த குருமாணவர்கள் பல நாடுகளில் இருந்து வந்து ஒன்றாகக் கற்ற இடம் அது. 1938 மார்ச் மாதத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரின் குருமார் பற்றி ஆராய்ந்து இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ரோமில் கழிந்த அந்த ஆண்டுகள் அவருக்கு இரண்டு பேறுகளை அளித்தன. இலத்தீன் மொழியிலும் அதில் எழுதப்பட்ட அறநூல்களிலும் ஆழ்ந்த பயிற்சி கிடைத்தது. ஏனைய நாட்டு மாணவர்கள் தத்தம் மொழி இலக்கியங்களை அறிந்து போற்றிய அளவுக்குத் தமது மொழியைத் தாம் அறிந்திருக்கவில்லை என்ற உணர்வும் வந்தது. அக்காலத்து யாழ்ப்பாணத்தின் ஆங்கிலவழிக் கல்வி நிறுவனங்களில் கற்ற பலரின் நிலையும் அதுவே.

ரோமில் இருந்து திரும்பிய அவர், தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் உள்ள பள்ளியில் ஆசிரியரானார். முனைவர் பட்டம் பெற்றிருந்த குருவானவர், அப்பள்ளியின் தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழைத் தொடக்கத்தில் இருந்து கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலைப் பட்டமும், பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை குறித்த ஆய்வுக்காக இலக்கிய முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

முப்பது வயதைத் தாண்டிய பின்னரும் மாணவராக இருக்கத் தயங்காத இந்த மனப்பாங்கு, அறம் பற்றிய அவரது பிற்காலக் கருத்தோடு தொடர்புடையது. சிறுவயதில் முடிந்துவிடும் ஒன்றாக மனித வளர்ச்சியை அவர் கருதவில்லை.

கல்வியியலாளரின் கேள்வி

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய அவர், உலகின் பல நாடுகளில் தமிழ் பற்றி உரையாற்றினார். 1952இல் ஆங்கிலத்தில் தமிழ்ப் பண்பாடு குறித்த காலாண்டிதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். தமிழ்த்துறையில் அல்லாமல் கல்வித்துறையில் அவர் பணியாற்றினார் என்பது கவனிக்கத்தக்கது. 1950களின் நடுப்பகுதியில் லண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் மேற்கொண்ட முனைவர் ஆய்வும், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனையைப் பற்றியதே.

பாணரையும் புலவரையும் சமண, பௌத்தத் துறவியரையும் அவர் தமிழ்ச் சமூகத்தின் கல்வியாளர்களாக நோக்கினார். அவர்கள் யாரை உருவாக்க முயன்றனர் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை சான்றோன் என்னும் சொல்லில் இருந்தது.

இச்சொல்லின் வரலாறே ஒரு பாடமாகும். சங்கப் பாடல்கள் சிலவற்றில் சான்றோன் என்பது போர்வீரனைக் குறிக்கிறது. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடலில், மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமையாகக் கூறப்படுவது போர்க்களத்தை மனதில் கொண்டே. திருக்குறளுக்கு வரும்போது அதே சொல் பண்பில் நிறைந்தவரைக் குறிக்கிறது. சான்றாண்மைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வீரத்தின் பெயர் நற்பண்பின் பெயராக மாறியது.

சீனத்தில் இதற்கு இணையான மாற்றத்தைச் செய்தவர் கன்பூசியஸ். ஜுன்ட்சு என்ற சொல் முதலில் ஆளும் குடியில் பிறந்த மகனைக் குறித்தது. பிறப்பால் வந்த அந்தப் பெயரைப் பண்பால் உயர்ந்தவருக்கு உரியதாக அவர் ஆக்கினார். ஒருவர் பிறப்பால் பெறும் மேன்மையைக் கற்றுப் பெறும் மேன்மையாக இரு சமூகங்களும் தனித்தனியே மாற்றியமைத்தன.

மேற்கின் ஏணி

தனிநாயகம் அடிகள் கல்வித்துறையில் பணியாற்றிய அதே ஆண்டுகளில் மேற்குலகில் ஒழுக்க வளர்ச்சி பற்றிய உளவியல் தனித்துறையாக உருப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் ஷான் பியாஜே, பிள்ளைகள் கோலிக்குண்டு விளையாட்டின் விதிகளை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதைக் கவனித்து 1932இல் ஒரு நூலை வெளியிட்டிருந்தார். பெரியவர்கள் இட்ட மாற்ற முடியாத கட்டளையாக விதியைக் கருதும் பிள்ளை, வளர வளர அதைச் சமமானவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடாகக் காண்கிறது என்பது அவரது முடிவு.

அமெரிக்காவின் லோரன்ஸ் கோல்பர்க் இதனை மேலும் விரித்தார். 1958இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வில், 10 முதல் 16 வயது வரையிலான 72 சிறுவர்களிடம் அவர் கற்பனைச் சிக்கல்களை முன்வைத்தார். உயிருக்குப் போராடும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பது அவற்றில் புகழ்பெற்றது. கோல்பர்க்குக்கு முக்கியமானது பிள்ளை சொன்ன முடிவைவிட, அதற்குச் சொன்ன காரணமே.

அந்தக் காரணங்களை அவர் ஆறு படிகளாக அடுக்கினார். தண்டனைக்கு அஞ்சுதல் கீழ்ப்படி. குடும்பமும் சுற்றமும் தன்னை நல்லவன் என்று கருதவேண்டும் என்ற விருப்பமும், சட்டம் ஒழுங்கு பற்றிய அக்கறையும் நடுப்படிகள். எந்தச் சமூகத்துக்கும் கட்டுப்படாமல், அனைவருக்கும் பொதுவான நீதிக் கோட்பாட்டைத் தானே சிந்தித்து ஏற்பது உச்சப்படி.

இந்த ஏணியில் உறவுக்குரிய இடம் நடுவில்தான். தாயின் மனம் நோகும் என்பதற்காகத் தவறு செய்யாத ஒருவர் இன்னும் ஏறவேண்டியவராகவே மதிப்பிடப்படுவார். முதிர்ச்சி என்பது உறவுகளின் பிடியில் இருந்து விலகித் தனித்து நிற்பதாகப் பொருள்படுகிறது.

இக்கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் எழுந்தது. உறவைப் பேணுவதை முதன்மையாகக் கொள்ளும் ஒழுக்கச் சிந்தனையை இந்த அளவுகோல் குறைத்து மதிப்பிடுகிறது என்று கரோல் கில்லிகன் 1982இல் வாதிட்டார். 27 நாடுகளிலும் பகுதிகளிலும் நடந்த 45 ஆய்வுகளை ஜோன் ஸ்னேரி 1985இல் மீளாய்வு செய்தார். கீழ்ப்படிகள் ஏறத்தாழ எங்கும் காணப்பட்டாலும், மேற்படிகள் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரிடமே பெரிதும் காணப்பட்டன. கிராமச் சமூகங்களில் நிலவும் கூட்டுறவு சார்ந்த நியாயங்களுக்கு அந்த ஏணியில் உரிய இடம் இருக்கவில்லை.

சீனத்தின் வேர்

கன்பூசியஸின் விடை வேறு திசையில் செல்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 551 முதல் 479 வரை வாழ்ந்ததாகக் கருதப்படும் அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். லூ நாட்டில் பதவி வகித்துப் பின்னர் ஆண்டுக்கணக்கில் நாடு நாடாக அலைந்தவர். அவரது சிந்தனையில் மனிதநேயத்தின் வேர் பெற்றோரிடமும் உடன்பிறந்தோரிடமும் காட்டும் பணிவில் இருக்கிறது.

அவரும் வளர்ச்சியைப் படிகளாகவே கண்டார். பதினைந்து வயதில் கல்வியில் மனம் வைத்தது தொடங்கி, எழுபதில் மனம் விரும்பியதைச் செய்தும் நெறி தவறாத நிலையை அடைந்தது வரை, தமது வாழ்வையே ஆறு கட்டங்களாக அவர் விவரித்ததாக அவருடைய சீடர்களின் தொகுப்பு கூறுகிறது. கோல்பர்க்கின் படிகளும் ஆறு என்பது தற்செயல். உச்சத்தில் இருப்பது வேறு. கோல்பர்க்கின் உச்சத்தில் தெளிந்த தீர்ப்பு இருக்கிறது. கன்பூசியஸின் உச்சத்தில் பழகிப் பழகிப் பண்பட்ட விருப்பம் இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த மென்சியஸ் இதற்கு உளவியல் அடிப்படை அமைத்தார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் மனமும் பதறும் என்பது அவர் காட்டிய சான்று. இரக்கம், நாணம், விட்டுக்கொடுத்தல், சரி தவறு அறிதல் ஆகிய நான்கும் எல்லோரிடமும் முளைகளாக உள்ளன என்றும், நீரூற்றி வளர்ப்பதே கல்வி என்றும் அவர் கருதினார்.

இவற்றுள் நாணம் நமக்குப் பழக்கமானது. பிறர் பார்வைக்கு அஞ்சும் உணர்வாக மேற்குலக உளவியல் அதனைப் பெரும்பாலும் தாழ்வாக மதிப்பிட்டது. வள்ளுவரோ நாணுடைமைக்குத் தனி அதிகாரம் அமைத்து, அதனைச் சான்றோரின் அடையாளங்களுள் வைத்தார்.

விரியும் தன்னிலை

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராகத் தனிநாயகம் அடிகள் கோலாலம்பூர் சென்றார். அங்கு தமது தொடக்கப் பேருரைக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் இந்தியச் சிந்தனையும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவமும் ஆகும். செனெக்காவையும் மார்க்கஸ் ஒரீலியசையும் மூல மொழிகளில் படிக்கும் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அது இயல்பான தேர்வே.

ஸ்டோயிக் மரபில் ஒரு புகழ்பெற்ற உருவகம் உண்டு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹியரோக்ளிஸ், ஒவ்வொரு மனிதரையும் சுற்றிப் பல வட்டங்கள் இருப்பதாகக் கூறினார். தன் உடலும் மனமும், குடும்பம், உறவினர், ஊரார், நாட்டார், மனிதகுலம் என்று அவை விரிகின்றன. வெளி வட்டத்தில் இருப்பவர்களை உள் வட்டத்துக்கு இழுப்பதே அறிவுடையவரின் பணி. கன்பூசிய மரபின் பெருங்கல்வி என்னும் நூலும் தன்னைப் பண்படுத்தி, குடும்பத்தைச் சீர்செய்து, நாட்டை ஒழுங்குபடுத்தி, உலகில் அமைதி காணும் வரிசையைக் கூறுகிறது.

சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் இத்தகைய விரிவைத் தனிநாயகம் அடிகள் கண்டார். விரிந்துசெல்லும் தன்னிலை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரால் அதனைக் குறித்தார். வாழ்க்கைத் துணையிலும் பிள்ளைகளிலும் தொடங்கும் அன்பு, விருந்தினரையும் சுற்றத்தையும் ஊரையும் தழுவி, இறுதியில் முன்பின் அறியாதவரையும் எட்டுவதே அவர் கண்ட தமிழ் அறத்தின் இலக்கணம். குறளின் அறத்துப்பால் இல்வாழ்க்கையில் தொடங்கி, மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல் எனச் செல்லும் முறையும் இதற்குப் பொருந்துகிறது.

கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற முதல் வரி, பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் குறிக்கோள் மொழியானது. ஸ்டோயிக் அறிஞர் உலகக் குடிமகனைப் பற்றிப் பேசினார். எல்லோருக்கும் பொதுவான பகுத்தறிவே அந்தக் குடியுரிமைக்கு அடிப்படை. கன்பூசியஸின் சீடர் ஒருவர், மரியாதையுடன் நடப்பவருக்கு நாற்கடலுக்கு உட்பட்ட அனைவரும் உடன்பிறந்தோரே என்றார். பூங்குன்றனார் தேர்ந்த சொல் சுற்றத்தைக் குறிக்கும் சொல். உலகை எட்டுவதற்கு அவர் உறவைக் கைவிடவில்லை. உறவு என்ற சொல்லின் எல்லையைத்தான் விரித்தார்.

மேற்கின் ஏணியில் ஏறுபவர் கீழ்ப்படியை விட்டு மேலே செல்கிறார். தனிநாயகம் அடிகள் காட்டும் வளர்ச்சியில் உள் வட்டம் அழிவதில்லை. மகன் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் தாயின் மகிழ்ச்சியை வள்ளுவர் பாடியிருப்பதும் இத்துடன் இணைத்துப் பார்க்கத்தக்கது. சான்றோன் என்பது ஒருவர் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பட்டமன்று. ஊரார் வழங்கி, தாயின் செவியில் விழுந்து உறுதிப்படும் பெயர் அது.

மூன்று கதைகள்

உறவும் நீதியும் மோதும்போது என்ன செய்வது என்பதே இக்கருத்துக்கு வரும் கடினமான சோதனை. மூன்று பழங்கதைகள் இதனை விளக்க உதவும்.

ஆட்டைத் திருடிய தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகனை ஒரு சீனச் சிற்றரசர் நேர்மையாளனாகப் போற்றினார். தமது ஊரில் தந்தை மகனையும் மகன் தந்தையையும் மறைத்துக் காப்பதிலேயே நேர்மை இருப்பதாகக் கன்பூசியஸ் பதிலளித்தார். ஏதென்ஸ் நகரில், கூலியாள் ஒருவரின் சாவுக்குக் காரணமான தந்தை மீதே யூதிப்ரோ வழக்குத் தொடர்ந்தார். அவரது உறுதி எங்கிருந்து வருகிறது என்று சாக்ரட்டீஸ் குறுக்கு விசாரணை செய்தார்.

மூன்றாவது தமிழர் நன்கறிந்த கதை. மனுநீதிச் சோழனின் மகன் தேரோட்டிச் சென்றபோது கன்று இறந்தது. பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதனைப் பாண்டியன் அவையில் நினைவூட்டுகிறாள். அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி இதையொத்த கதையை, பாலி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சமும் கூறுகிறது. தமிழரும் சிங்களவரும் தத்தம் நூல்களில் போற்றிக் காத்த நீதிக்கதை இது.

மேலோட்டமாகப் பார்த்தால் சோழன் யூதிப்ரோவின் பக்கம் நிற்பவன்போல் தோன்றும். ஆயினும் அவனது செயலின் தர்க்கம் வேறு. பொதுச் சட்டத்தின் பெயரால் மகனை அந்நியனாக்கி அவன் தண்டிக்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரத்தைத் தானும் அடையவேண்டும் என்பதே அவனது நியாயம். மகன் மீதிருந்த பாசம் குறைந்திருந்தால் அந்த நீதிக்கே பொருள் இருந்திராது. தன் பாசத்தை அளவுகோலாகக் கொண்டே அவன் பிற உயிரின் பாசத்தை அளந்தான்.

ஒரு மகனின் உயிரைப் பறிக்கும் இக்கதை எந்தப் பெற்றோருக்கும் வழிகாட்டி ஆகாது. இருப்பினும், உறவைத் துறக்காமலே உறவுக்கு அப்பால் நீதி வழங்க முடியும் என்ற எண்ணம் இம்மண்ணில் வேரூன்றி இருந்தது என்பதற்கு அது சான்றாகிறது.

வட்டம் சுருங்கிய காலம்

தனிநாயகம் அடிகள் இக்கருத்துகளை அமைதியான காலத்தில் எழுதியவர் அல்லர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. தமிழரின் மொழியுரிமைக்காக அவர் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். பல்லின நாடொன்றில் பெரும்பான்மைச் சமூகம் தன் வட்டத்தைச் சுருக்கிக்கொள்வதன் விளைவுகளை அவர் நேரில் கண்டார்.

1964 ஜனவரியில் புதுடெல்லியில் கீழைத்தேய ஆய்வாளர்களின் 26ஆவது அனைத்துலக மாநாடு கூடியபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அவரது முன்முயற்சியில் உருவானது. பிரெஞ்சு அறிஞர் ஷான் ஃபிலியோசா அதன் தலைவரானார். செக் நாட்டின் கமில் சுவலபிலும் தனிநாயகம் அடிகளும் செயலாளர்களாயினர். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968 ஜனவரியில் சென்னையிலும், மூன்றாவது 1970 ஜூலையில் பாரிஸின் கொலேஜ் து பிரான்ஸ் கல்வி நிலையத்திலும் நடைபெற்றன. 1966இல் வெளியான அவரது பயண நூலின் பெயர் ஒன்றே உலகம் என்பதாகும்.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவர் பிறந்த யாழ்ப்பாண மண்ணில் கூடியது. அதன் இறுதி நாளான 10ஆம் நாளன்று, திரண்டிருந்த மக்கள் மீது பொலிஸார் மேற்கொண்ட நடவடிக்கையைத் தொடர்ந்து, மின்கம்பி அறுந்து விழுந்ததில் குறைந்தது ஒன்பது பேர் உயிரிழந்தனர். இலங்கைத் தமிழர் அரசியலில் அந்த இரவு ஒரு திருப்புமுனையாக அமைந்தது. ஆறரை ஆண்டுகளின் பின் அவர் யாழ்ப்பாணத்தில் காலமானார். 1983இன் வன்முறையையும் அதன் பின்னரான நீண்ட போரையும் அவர் காணவில்லை.

அவரது கருத்துக்கு எதிராக எழுப்பக்கூடிய வினாக்களும் உள்ளன. விரியும் அன்பைப் பாடிய அதே சமூகம் சாதியின் பெயரால் கிணற்றையும் கோவிலையும் மூடி வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் 1960களின் இறுதியில் தீவிரமடைந்தபோது, உள் வட்டத்தின் சுவர் எவ்வளவு உயரமானது என்பது வெளிப்பட்டது. இலக்கியத்தில் உள்ள இலட்சியத்துக்கு அவர் அளித்த அழுத்தத்தை, அந்த இலட்சியத்தைத் தடுத்த சமூக அமைப்புக்கு அளிக்கவில்லை என்ற விமர்சனம் புறக்கணிக்கத்தக்கதன்று.

கோல்பர்க்கின் ஏணிக்குரிய பலம் இங்கேதான் தெரிகிறது. ஊரே ஒன்றுகூடித் தவறு செய்யும்போது, ஊருக்கு எதிராகத் தனித்து நிற்கும் ஒருவரை அந்த ஏணி அடையாளம் காணும். ஊர் வழங்கும் சான்றோன் பட்டம் அவருக்குக் கிடைக்காமல் போகலாம். வட்டங்கள் தாமாக விரிவதில்லை என்பதும், சில வேளைகளில் உள்ளிருக்கும் ஒருவர் அவற்றை உடைக்க வேண்டியிருக்கும் என்பதும் தமிழ் அறமரபு மேற்கிடமிருந்து கற்கவேண்டிய பாடமாகும்.

லா ஷப்பலில் ஒரு பிள்ளை

1970இல் தமிழ் பாரிஸுக்கு வந்தபோது அறிஞர்களின் மொழியாக வந்தது. அதன் பின்னரான ஆண்டுகளில், குறிப்பாக 1983க்குப் பின், அதே நகரின் வடபகுதிக்கு அது அகதிகளின் மொழியாக வந்தது. லா ஷப்பல் பகுதியின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் தமிழர் குடியேறினர், கடை வைத்தனர், சங்கம் அமைத்தனர். மாணிக்க விநாயகர் ஆலயம் முன்னர் இத்தெருவிலேயே அமைந்திருந்தது.

இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளை ஒரே நாளில் இரண்டு ஒழுக்கக் கல்விகளைப் பெறுகிறது. 1882ஆம் ஆண்டின் ஷூல் ஃபெரி சட்டத்தில் இருந்து பிரெஞ்சு அரச பள்ளி, மதபோதனைக்குப் பதிலாகக் குடிமை ஒழுக்கத்தைக் கற்பித்து வருகிறது. 2015இல் அப்பாடம் புதிய வடிவில் மீண்டும் அறிமுகமானது. தானே சிந்தித்து, காரணம் காட்டி, எவருடனும் சமமாக வாதிடப் பள்ளி பழக்குகிறது. வீட்டில் மூத்தோர் சொல்லைக் கேட்பதும், விருந்தினர் வந்தால் எழுந்து நிற்பதும், ஊரிலுள்ள உறவினரின் கடனில் பங்கேற்பதும் நற்பண்புகளாகக் கருதப்படுகின்றன.

மொழி அறியாத பெற்றோருக்காக அரச அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். வருமானம் பற்றித் தந்தை சொல்வது முழு உண்மையன்று என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்படியே மொழிபெயர்ப்பதா, திருத்திச் சொல்வதா, மௌனமாக இருப்பதா? கன்பூசியஸ் கருத்துரைத்த ஆட்டுத் திருட்டு வழக்கு பாரிஸ் அலுவலகம் ஒன்றின் கண்ணாடித் தடுப்புக்கு முன் மீண்டும் நடக்கிறது.

பள்ளியின் அளவுகோலை மட்டும் கைக்கொண்டால் அந்தப் பிள்ளை தந்தையைக் குற்றவாளியாகக் காணப் பழகும். வீட்டின் அளவுகோலை மட்டும் கைக்கொண்டால் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் தனக்கு எந்த உறவும் இல்லாத அந்நியராகவே நீடிப்பார். குடும்பத்தின் வட்டத்துக்குள் பொய்யும் பாதுகாக்கப்படும். புலம்பெயர் குடும்பங்களில் தலைமுறைகளுக்கு இடையே எழும் பிணக்குகள் பலவற்றின் அடியில் இந்த இரட்டை அளவுகோல் இருக்கிறது. பெற்றோர் அதனைக் கீழ்ப்படியாமை என்கின்றனர். பிள்ளைகள் அடக்குமுறை என்கின்றனர். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் மீது, அறிவுரையாக அல்லாமல் கண்காணிப்பாகவே இறங்குகிறது.

தனிநாயகம் அடிகளின் சிந்தனை இதற்கு ஆயத்தமான தீர்வை வழங்கவில்லை. அது காட்டும் வழி, பிள்ளையிடம் கேட்பதற்கு முன் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்கிறது. பிள்ளையைச் சாட்சிக்கூண்டில் நிறுத்தாமல் இருக்கும் பொறுப்பு தந்தையுடையது. தவறு செய்யும் தந்தைக்கு எடுத்துரைப்பதையும் பிள்ளையின் கடமையாகவே கன்பூசிய மரபின் பிதாபக்தி நூல் கருதியது. வீட்டில் கேள்வி கேட்க இடம் உள்ள பிள்ளைக்கே, வெளியில் நேர்மையாக நிற்பது எளிதாகும்.

அலுவலகத்தில் இருக்கும் பிரெஞ்சுப் பெண்ணையும், பக்கத்து வீட்டு ஆபிரிக்கக் குடும்பத்தையும், வேறு சாதியில் பிறந்த தமிழரையும், சிங்களம் பேசும் சக தொழிலாளியையும் சுற்றம் என்ற சொல்லுக்குள் பெற்றோர் கொண்டுவந்தால், பிள்ளைக்கு வீட்டு அறமும் பள்ளி அறமும் பகையாகத் தோன்றாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பூங்குன்றனாரின் வரியை மனனம் செய்யும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அந்த வரியின்படி வீட்டுக்கு யார் அழைக்கப்படுகிறார், யாருடன் திருமணம் அனுமதிக்கப்படுகிறது என்பதையும் அதே பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கின்றனர்.

கரம்பொன்னில் தொடங்கிய தனிநாயகம் அடிகளின் வட்டம் ரோம், வடக்கன்குளம், கோலாலம்பூர், பாரிஸ் என்று விரிந்தது. போகும் இடமெல்லாம் பிறரது மொழியைக் கற்று, தமது மொழியை அவர்களுக்குக் கற்பித்தார். ஒருவர் தன் வேரை விடாமல் உலகத்தவர் ஆகலாம் என்பதற்கு அவரது நூல்களைக் காட்டிலும் அந்த வாழ்க்கை வலுவான சான்று. அவர் பெயரால் சிலையும் விழாவும் எடுக்கும் சமூகம், தன் சுற்றத்தின் எல்லை இன்று எங்கே நிற்கிறது என்று அளந்து பார்க்குமானால், அதுவே அவருக்குப் பொருத்தமான நினைவாக அமையும்.